களவும் தண்டனையும்: நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு சரித்திரப் பார்வை

நஞ்சன்கூடு என்றால் நஞ்சுண்டேஸ்வரர் கோயிலும் கபினி ஆறும் ரசபாளெ வாழைப்பழமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். பங்குனி மாதத்துப் பெரிய தேரைப் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மைசூர், சாமராஜநகர் பக்கத்து ஜனமெல்லாம் அன்றைக்கு எங்கள் தெருவில்தான் நிற்கும். 2025ஆம் வருஷத் தேரின்போது நான் கண்ட ஒரு சின்னச் சம்பவம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பூ விற்கிற ஒரு கன்னடத்து அம்மாளின் செல்போனை ஒரு பையன் எடுத்துவிட்டான். பத்தடி போவதற்குள் பிடித்துவிட்டார்கள். நாலு அடியும் விழுந்துவிட்டது. “கையை வெட்டணும்” என்றார் ஒருவர். “தூண்ல கட்டுங்க” என்றார் இன்னொருவர். பையன் தமிழில் அழுதான். கட்டட வேலைக்காகத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவன், வயசு பத்தொன்பது. இரண்டு பாஷையும் தெரிந்தவன் என்பதால் என்னை முன்னே தள்ளினார்கள். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சார், எத்தன வருஷம் போடுவாங்க?”

அந்தம்மா போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டு “ஹோக்லி பிடி” என்று சொல்லிவிட்டு மறுபடி பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார். போனதைப் போகவிடு என்று அர்த்தம். வந்த காவலரும் விசாரித்து எச்சரித்து, மேஸ்திரியை வரச்சொல்லி அவனை அனுப்பிவைத்தார். விஷயம் அதோடு முடிந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய எனக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. நம் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, அந்தப் பதிலையே தேடி எழுதலாம் என்று தோன்றியது.

நம் முன்னோர் சொன்னது

திருட்டுக்குத் தண்டனை என்றதும் தமிழனுக்கு முதலில் நினைவு வர வேண்டியவன் கோவலன். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கெட்ட அரசன் அல்லன். திருடனைத் தண்டிப்பது அரசன் கடமை என்ற அளவில் அவன் நினைத்ததும் தவறில்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், விசாரிக்கவில்லை, அங்கேதான் பிழை. கொன்ற பிறகுதான் சிலம்பு உடைபட்டது. உள்ளே முத்து இல்லை, மாணிக்கப் பரல் இருந்தது. சாட்சியத்தைச் சோதிப்பதற்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது. அதற்கு விலை அரசனின் உயிரும் மதுரை மாநகரும். வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அரசன் தீர விசாரித்து, குற்றம் மறுபடி நடக்காதபடி அதற்குத் தக்க அளவில் தண்டிக்க வேண்டும் என்பதையும் வேறிடத்தில் சொல்லிவைத்தார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று விதிக்கின்றன. பிறர் பொருளைத் திருடியவன் வாரியத்துக்கு வரமுடியாது. அங்கே களவுக்கு விலை கையோ காலோ இல்லை. ஊரில் அவனுக்கிருந்த மதிப்பு.

மைசூரில் கிடைத்த ஏடு

எங்கள் ஊரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் போனால் மைசூர். அங்கே அரசாங்கக் கீழ்த்திசை நூலகத்தில் வேலை பார்த்த ஆர். சாமசாஸ்திரி, உலகம் தொலைந்துபோனதாக நினைத்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை 1909இல் அச்சேற்றினார். 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் நூலாக வந்தது. அந்த ஏட்டுச்சுவடியை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர். சுவடி கிரந்த லிபியில் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து மைசூருக்கு வந்த ஏடு உலகப் பேர் பெற்றது, இங்கே குடிவந்த நமக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்த நூலில் களவுக்கு ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு ஏற ஏறத் தண்டனையும் படிப்படியாக ஏறும். அரசன் களஞ்சியத்தில் கைவைத்தால் இன்னும் அதிகம். உறுப்பை வெட்டும் தண்டனை உண்டு. பணம் கட்டி அந்த உறுப்பை மீட்டுக்கொள்ளவும் வழி உண்டு. காசுள்ளவனுக்குக் கை மிஞ்சும், இல்லாதவனுக்கு மிஞ்சாது.

பொருளின் மதிப்பை மட்டும் தராசில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். பன்னிரண்டு பென்ஸுக்கு மேல் திருடினால் பெருங்களவு, அதற்குத் தூக்கு என்பது அந்த நாட்டுப் பழைய சட்டம். பிற்காலத்தில், குடியிருக்கும் வீட்டில் 40 ஷில்லிங் மதிப்புள்ளதைத் திருடினாலும் தூக்கு. இது அநியாயம் என்று ஜூரிகளுக்கே தெரியும். அதனால் சாமானின் விலை எவ்வளவாக இருந்தாலும் “39 ஷில்லிங்தான் பெறும்” என்று தீர்ப்புச் சொல்லி ஆளைக் காப்பாற்றுவார்கள். நியாயம் செய்வதற்கு நல்லவர்களைப் பொய் சொல்ல வைத்த சட்டம் அது. பெருங்களவு, சிறுகளவு என்ற பேதத்தை 1827இல்தான் எடுத்தார்கள்.

மெக்காலே போட்ட கோடு

நமக்குத் தண்டனைச் சட்டம் எழுதிய மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது ஊட்டியில் இருந்தார். அவரைப் பார்க்க மெக்காலே பல்லக்கில் பெங்களூர், மைசூர் வழியாக மலை ஏறினார். இன்றைக்கு மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற சாலை எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது. அவர் தலைமையில் தயாரான நகல் 1837இல் முடிந்தது. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதைப் பார்க்க மெக்காலே உயிரோடு இல்லை.

அந்தச் சட்டத்தின் 378ஆவது பிரிவு, திருட்டு எது என்பதைக் கதை சொல்கிற மாதிரி உதாரணங்களோடு விளக்குகிறது. அடுத்தவன் நாயை ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போக எண்ணி, பையில் தீனி வைத்திருக்கிறான் ஒருவன். நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே அது திருட்டு. நடுரோட்டில் யார் கையிலும் இல்லாமல் கிடந்த மோதிரத்தை எடுத்தால் திருட்டு ஆகாது, வேறு குற்றம் ஆகலாம். நண்பர் இல்லாத நேரத்தில், அவர் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்பிப் புத்தகத்தைப் படிக்க எடுத்துப்போனால் திருட்டு இல்லை. மனசில் இருந்த எண்ணம்தான் முக்கியம். திருப்பிக் கொடுத்துவிட்டால் குற்றம் இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அதுவும் சரியில்லை. அலுவலகக் கோப்பை இரண்டு நாள் வெளியே கொண்டுபோய்த் திருப்பி வைத்த ஒருவரின் வழக்கில், 1962இல் உச்ச நீதிமன்றம் அதையும் திருட்டு என்றே சொன்னது.

தண்டனையைப் பாருங்கள். 379ஆவது பிரிவு: மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். திருடுபோன பொருளின் விலை என்ன என்ற பேச்சே இல்லை. மெக்காலேயின் சட்டம் மதிப்பைத் தராசிலிருந்து இறக்கிவிட்டது. அதற்குப் பதிலாக இடத்தையும் நம்பிக்கையையும் வைத்தது. குடியிருக்கும் வீட்டில் திருடினால் ஏழு வருஷம் வரை. வேலைக்காரரே முதலாளி பொருளை எடுத்தாலும் ஏழு வருஷம் வரை. கொலைக்கோ காயத்துக்கோ தயாராகப் போய்த் திருடினால் பத்து வருஷம் வரை. இவையெல்லாம் உச்சவரம்பு. கீழ்வரம்பு கிடையாது. ஒரு நாள் சிறையும் போடலாம், 379ஆவது பிரிவில் அபராதத்தோடும் விடலாம். அந்த இடைவெளியில்தான் நீதிபதி குற்றவாளியின் வயசையும் பழைய நடத்தையையும் குடும்ப நிலையையும் பார்த்து முடிவு செய்கிறார்.

பிறப்பைத் தராசில் வைத்த காலம்

அதே அரசாங்கம் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று கேட்காமல், எந்தச் சாதியில் பிறந்தான் என்று கேட்ட சட்டம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். ஒன்றும் திருடாதவனுக்கும் தண்டனை! மதுரைப் பக்கத்தில் பிரமலைக் கள்ளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உள்பட பலர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனாலும் புத்தி முழுக்க ஒழிந்துவிடவில்லை. அன்றைக்குத் தேர்த்தெருவில், “வெளியூர்க்காரப் பசங்களே இப்படித்தான்” என்று ஒரு குரல் கேட்டேன். ஊரைப் பிறந்த வீட்டோடு விட்டுவந்த நம் எல்லாருக்கும் சேர்த்து விழுந்த அடி அது.

மாநிலத்துக்கு மாநிலம்

குற்றச் சட்டம் நம் அரசியல் சாசனத்தில் பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஜனாதிபதியின் ஒப்புதலோடு மாநிலங்களும் மத்தியச் சட்டத்தைத் திருத்தலாம். சங்கிலிப் பறிப்புக்குக் குறைந்தது ஐந்து வருஷம் என்று ஹரியானா திருத்தியது. தமிழ்நாடு 1993இல் சாமி சிலைத் திருட்டுக்கென்று 380ஆவது பிரிவில் தனி விதி சேர்த்தது: குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் மூன்று வருஷம், அபராதம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாமல்.

சட்டம் கடுமையானது போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்கு மத்தியச் சட்டத்தில் ஏழு வருஷம் வரை இருந்தது. கீழ்வரம்பை ஏற்றிய தமிழ்நாடு, மேல்வரம்பை மூன்றாக இறக்கிவிட்டது. சிலைக்காகக் கோயில் பூட்டை உடைத்து நுழைவதற்கு வேறு பிரிவுகளில் அதிக தண்டனை வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் திருட்டு என்ற குற்றத்துக்கு மட்டும் பார்த்தால் வரம்பு குறைந்துதான் போனது. திப்பு சுல்தான் கொடுத்தது என்று சொல்லப்படும் மரகத லிங்கம் எங்கள் கோயிலில் இருக்கிறது. திப்பு நம் சாமியை “ஹக்கீம் நஞ்சுண்டா” என்று அழைத்தாராம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இந்தக் கணக்கை யோசிக்காமல் இருக்க முடியுமா?

புதிய சட்டம் சொல்வது

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 303ஆவது பிரிவில் திருட்டுக்கு அதே மூன்று வருஷ உச்சவரம்புதான். இரண்டாம் தடவை தண்டனை பெற்றால் குறைந்தது ஒரு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் கடுங்காவல், கூடவே அபராதம். வழிபாட்டிடத்துச் சிலையைத் திருடினால் 305ஆவது பிரிவின்படி நாடு முழுக்க ஏழு வருஷம் வரை.

புதுமை இன்னொன்று இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவைக் குற்றவாளி பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. கூலி இல்லாமல் ஊருக்குப் பயன்படும் வேலை செய்ய வேண்டும். மெக்காலே இறக்கிவைத்த மதிப்பு 164 வருஷம் கழித்து மறுபடி தராசில் ஏறியிருக்கிறது. அன்றைக்கு ஆளைத் தூக்கில் போட ஏறியது, இன்றைக்கு ஆளைச் சிறைக்குப் போகாமல் காப்பாற்ற ஏறியிருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரணை தொடங்கவும் முடியாது. பொருளுக்குச் சொந்தக்காரரே சமாதானமாகப் போகவும் சட்டம் இடம் தருகிறது. 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டமோ, 21 வயதுக்குக் கீழே உள்ளவரைத் தக்க காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக்கூடாது என்கிறது.

ஆக, அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: “தம்பி, அது பழைய போன், ஐயாயிரம்கூடப் பெறாது. உனக்கு இது முதல் தடவை. பொருளும் திரும்பக் கிடைச்சாச்சு. கேஸ் ஆனாலும் ஜெயில் இல்லை, தெருக்கூட்டுற மாதிரி ஏதாவது வேலை கொடுப்பாங்க. அடுத்த தடவை செஞ்சா மட்டும் குறைஞ்சது ஒரு வருஷம். அதனால இதோட விட்டுடு.” இது தெரியாமல் “பயப்படாதே” என்று மட்டும் சொல்லி அனுப்பியது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஷை தெரியாத ஊரில் நம் பிள்ளை ஒருவன் மாட்டிக்கொண்டால், கூட்டத்தோடு சேர்ந்து நாமும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், தப்பே நடக்கவில்லை என்று மூடி மறைக்கவும் வேண்டாம். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பது அரசியல் சாசனம் தந்த உரிமை. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் வைக்க 1987ஆம் வருஷத்துச் சட்டம் வழி செய்கிறது. தாலுகா நீதிமன்றத்திலேயே சட்டப் பணிக்குழு இருக்கிறது. அவன் சொல்வதைக் கன்னடத்தில் எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவர் கூடப் போனாலே பாதி பயம் தீரும். கோவலனுக்காகப் பேச அன்றைக்கு மதுரையில் ஓர் ஆள் இல்லை. நாம் இருக்கிற ஊரில் அந்தக் குறை இருக்கக்கூடாது.