கண்ணுக்குள் ஊசியா?

எங்கள் நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோவிலில் மார்ச் கடைசியில் சூரிய பூஜை. சாயங்கால வெயில் உள்ளே வந்து, மூலவர் பாதத்தில் தொடங்கி மூன்று நாளில் மேலே ஏறும். அந்த வெயிலைக் கண்ணுக்குள் பாய்ச்சி வைத்தியம் பார்த்தவரும் உண்டு. 1945 கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோன மாணவனைப் பார்த்தார் ஜெர்மன் டாக்டர் மேயர்-ஷ்விக்கராத். பிறகு வெயிலைக் கண்ணாடிகளால் திருப்பி, விழித்திரையைச் சுட்டு ஒட்டினார். இன்றைய லேசருக்கு அதுதான் தாத்தா.

சர்க்கரை நோயில் விழித்திரைக்கு ஆக்சிஜன் குறைந்தால், புது ரத்தக்குழாய் கேட்டு அது ஆள் அனுப்பும். வந்து சேர்வதோ ஒழுகல் குழாய். கசியும், உடையும், பார்வையை மறைக்கும். லேசரால் சுட்டால் குழாய் அடங்கும். ஆனால் சுட்ட இடத்தில் பார்வையும் போகும்.

அனுப்பிய ஆள் யார்? ஏதோ ஒரு ரசாயனம் என்று 1948லேயே மைக்கேல்சன் ஊகித்தார். 1989ல் ஜெனன்டெக் கம்பெனியின் ஃபெராரா அதைப் பிரித்தெடுத்தார். பெயர் விஇஜிஎஃப். அதைத் தடுக்கும் அவாஸ்டின் 2004ல் குடல் புற்றுநோய்க்கு வந்தது. மறு வருஷம் மயாமியில் டாக்டர் ரோசன்ஃபெல்ட் அதில் ஒரு துளியைக் கண்ணுக்குள் போட்டார். கசிவு வற்றியது!

2006ல் அதே கம்பெனி கண்ணுக்கென்றே லூசென்டிஸ் கொண்டுவந்தது. அப்போது அமெரிக்காவில் ஊசி ஒன்று சுமார் 2000 டாலராக இருந்தது; அவாஸ்டின் சுமார் 50 டாலர். 4 மில்லி குப்பி, ஒரு கண்ணுக்கு 0.05 மில்லி. கணக்கு நீங்களே போடுங்கள். வயோதிகத்தில் வரும் விழித்திரைக் கசிவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் என்று 2011ல் அமெரிக்க அரசு ஆய்வு சொன்னது.

குப்பியைப் பிரிப்பதில் சுத்தம் தவறினால் ஆபத்து. 2016 தொடக்கத்தில் குஜராத்தில் சிலர் பாதிக்கப்பட, கண்ணுக்குப் போடாதீர்கள் என்றது மத்திய மருந்துக் கட்டுப்பாடு. ஏழைகள் என்ன செய்வார்கள் என்று டாக்டர்கள் கேட்க, அந்த வருஷமே தடை விலகியது. லூசென்டிஸுக்கு இணையாக, உலகிலேயே முதலாவதாக, அகமதாபாத் இன்டாஸின் ரேசுமாப் 2015ல் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெரிய கண் வைத்தியம் என்றாலே மெட்ராஸ்தான். 2019ல் திருப்பதிக்கே அரவிந்த் வந்தது.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. மருந்து சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஊசி திரும்பத் திரும்ப வேண்டும். மரத்துப்போக மருந்து விட்டுப் போடுவதால் வலி அதிகமில்லை, சில நொடிதான். ஊரில் நிறுத்துவது வலியால் அல்ல. "பிள்ளைக்கு ஏன் செலவு" என்று இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு, போனில் "நல்லாத்தான் தெரியுது" என்பார்கள். போன பார்வை எல்லா நேரமும் திரும்பாது.

இந்த வாரம் பேசும்போது "சாப்பிட்டீங்களா"வோடு இதையும் கேளுங்கள்: "அடுத்த ஊசி என்னைக்கு?"