ஏழாம் எண் ரயிலும் பௌன் தெருவும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநகரம் ஐந்து பெருவட்டாரங்களைக் கொண்டது. அவற்றுள் பரப்பளவில் மிகப் பெரியது குவீன்ஸ். அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைவிடச் சற்றே சிறியது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 24 இலட்சத்து 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்.

இத்தகைய ஊரைப் பற்றிப் பேசும்போது, எந்தத் தெருவில் எந்நாட்டு உணவு கிடைக்கும் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வதுண்டு. உணவு முக்கியந்தான். ஆயினும் வரலாற்றுப் பாடம் கற்பிப்போர் வேறொரு வினாவையும் எழுப்ப வேண்டும். இத்தனை இனத்தவரும் ஒரே இடத்தில் எவ்வாறு வந்து சேர்ந்தனர்? அது தற்செயலா, அல்லது யாரேனும் வழி திறந்துவிட்டார்களா?

இவ்வினாவுக்கு விடை காண ஓர் எளிய வழி உண்டு. நியூயார்க் சுரங்க ரயிலின் ஏழாம் எண் தடத்தில் ஏறி, இடையிடையே இறங்கி நடந்து, அதன் கடைசி நிலையமான ஃபிளஷிங் வரை செல்வதே அது. இக்கட்டுரையில் அத்தடத்தையே நமக்குப் பாடநூலாகக் கொள்வோம்.

வயல்வெளியில் வந்த ரயில்

மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்படும் ரயில், கிழக்கு ஆற்றின் அடியில் ஒரு சுரங்கத்தைக் கடக்கிறது. பியானோ தயாரிப்பால் புகழ்பெற்ற வில்லியம் ஸ்டைன்வேயின் முயற்சியால் 1892இல் தொடங்கிய சுரங்கம் இது. வெடிவிபத்து ஒன்றால் பணி தடைப்பட்டு, 1907இல்தான் நிறைவுற்றது. 1915ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து அதன்வழியே பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது.

ஆற்றைக் கடந்ததும் ரயில் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. பெயர்தான் சுரங்க ரயில். குவீன்ஸில் அது பெரும்பாலும் தூண்களின்மேல், வீட்டுக் கூரைகளுக்கு இணையான உயரத்தில் ஓடுகிறது. நம் எல்.ஆர்.டி. ரயிலில் சென்று பழகியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

1917ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தடம் கொரோனா என்னும் பகுதிவரை நீண்டது. அக்காலப் புகைப்படங்களைக் கண்டால் வியப்பு மேலிடும். வீடுகளோ கடைகளோ இல்லாத வெற்றுவெளியில் தூண்களும் தண்டவாளமும் மட்டும் நீண்டு கிடக்கும். மக்கள் வாழும் இடத்துக்கு ரயில் செல்வது வழக்கம். இங்கோ ரயில் முன்னே சென்றது, மக்கள் பின்னே வந்தனர்.

இதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. மன்ஹாட்டனின் தென்பகுதியில் குடியேறிகள் காற்றோட்டமற்ற அடுக்கு வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அந்நெரிசலைக் குறைக்க, 1913இல் மாநகர நிர்வாகம் ரயில் நிறுவனங்களோடு பெரியதோர் ஒப்பந்தம் செய்து, புறப்பகுதிகளுக்குத் தடங்களை நீட்டியது. கட்டணம் 5 காசு. தூரம் எவ்வளவானாலும் அதே 5 காசு. 1904 முதல் 1948 வரை அக்கட்டணம் மாறவில்லை. இதனால் கூலித்தொழிலாளியும் நகரில் வேலை செய்துகொண்டு குவீன்ஸில் வாழ முடிந்தது. 1910இல் 2 இலட்சத்து 84 ஆயிரமாக இருந்த குவீன்ஸின் மக்கள்தொகை, 1930இல் 10 இலட்சத்து 79 ஆயிரமாக உயர்ந்தது. இருபதே ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்கு!

பூட்டியிருந்த கதவு

46ஆம் தெரு நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் சன்னிசைட் கார்டன்ஸ் குடியிருப்பைக் காணலாம். கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் ஆகியோரின் திட்டத்தில் 1924 முதல் 1928 வரை கட்டப்பட்ட செங்கல் வீடுகள் அவை. நடுவில் அனைவருக்கும் பொதுவான தோட்டம். நடுத்தர வருமானத்தினரும் மரநிழலில் வாழலாம் என்று காட்டிய முயற்சி அது.

அடுத்து 61ஆம் தெரு, வுட்சைட். முன்பு ஐரிஷ் மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதி. இன்று அதனருகே ரூஸ்வெல்ட் சாலையின் ஒரு பகுதி ‘சின்ன மணிலா’ என்று அழைக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் தாதியராகப் பணியாற்ற வந்த பிலிப்பீனியர் பலர் இவ்வட்டாரத்தில் வேரூன்றினர்.

74ஆம் தெரு நிலையம் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதிக்குரியது. படியிறங்கி வந்தால் சேலைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை, வங்காளதேச உணவகம், திபெத்திய, நேப்பாள மோமோ கடை எனத் தெரு நிறைந்திருக்கிறது. சில தெருக்கள் தள்ளி 82ஆம் தெருவுக்குச் சென்றால், கொலம்பியா, எக்குவடோர் நாட்டவரின் ஸ்பானிய மொழி காதில் விழும். தெற்கே எல்ம்ஹர்ஸ்ட் பக்கம் நடந்தால் தாய்லாந்து, இந்தோனேசிய உணவகங்களோடு மலேசிய உணவகங்களும் உண்டு.

இங்கே 35ஆம் சாலையும் 81ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் ஆசிரியர்கள் தவறவிடக்கூடாத பெயர்ப்பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் இவ்வூர்க்காரர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக்கலைஞர் அவர்.

ஆனால் இப்பகுதி தொடக்கத்தில் இவ்வாறு இருக்கவில்லை. எட்வர்ட் மெக்டூகல் என்பவரின் நிறுவனம் ரயில் வரும் என்பதை எதிர்பார்த்து இங்கு நிலம் வாங்கி, நடுவே தோட்டம் அமைந்த அழகிய அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. குடியிருப்போரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளின் வாயிலாக யூதர்களும் கறுப்பின மக்களும் விலக்கி வைக்கப்பட்டனர். ரயில் அனைவரையும் ஏற்றிக்கொண்டது. வீட்டுக் கதவு அனைவருக்கும் திறக்கவில்லை.

நாட்டின் கதவும் அப்படியே இருந்தது. 1924ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் ஐரோப்பியருக்கே நாடுவாரியாக இத்தனை பேர் என்று வரம்பிட்டு, ஆசியரை ஏறக்குறைய முற்றிலுமாகத் தடுத்தது. 1946இல் இந்தியர்க்கென ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே. ஒரு நடுத்தரத் திருமண மண்டபத்தை நிரப்பக்கூட இது போதாது எனலாம்.

இந்நிலையை மாற்றியது 1965ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டை வைத்துத் தரம் பிரிக்கும் பழைய முறை நீங்கி, குடும்ப உறவும் தொழில் திறனும் தகுதிகளாயின. மருத்துவர்கள், பொறியியலாளர்கள், தாதியர் என ஆசியர் வரத் தொடங்கினர். 1970களில் நியூயார்க் பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தது. பழைய குடியிருப்பாளர் பலர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். காலியான வீடுகளையும் கடைகளையும் நிரப்பியவர்கள் இப்புதியவர்களே. 74ஆம் தெருவின் இந்தியக் கடைகள் அக்காலத்தில் முளைத்தவை.

சாம்பல் மேட்டில் ஐ.நா.

103ஆம் தெரு நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால், 107ஆம் தெருவில் எளிமையான ஒரு செங்கல் வீடு. உலகப் புகழ்பெற்ற எக்காள இசைஞர் லூயி ஆம்ஸ்டிராங் 1943 முதல் 1971இல் மறையும்வரை வாழ்ந்த இல்லம் இது. மாளிகை வாங்கும் வசதி இருந்தும், உழைக்கும் மக்கள் நடுவிலேயே அவர் வாழ்ந்தார். 2003ஆம் ஆண்டு முதல் அது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அதற்கப்பால் ஃபிளஷிங் மெடோஸ் பூங்கா. ஒரு காலத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிக் குவித்த இடம். அச்சாம்பல் மேடுகளை அகற்றி 1939-40இலும், மீண்டும் 1964-65இலும் உலகக் கண்காட்சிகளை நடத்தினர். முதற்கண்காட்சிக்காகக் கட்டிய ஒரு மண்டபத்தில்தான், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1946 முதல் 1950 வரை கூடியது. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் 1947 நவம்பர் 29இல் நிறைவேறியதும் அங்கேதான். அக்கட்டடம் இன்று குவீன்ஸ் அருங்காட்சியகம்.

முப்பது கையொப்பங்கள்

கடைசி நிலையம் ஃபிளஷிங் மெயின் ஸ்திரீட். 1928 ஜனவரியில் ரயில் இங்கு வந்தடைந்தது. படியேறி வெளியே வந்தால் சீன எழுத்துப் பலகைகள் நிறைந்த கடைத்தெரு. 1970களில் தைவானியரும் கொரியரும் வரத் தொடங்கினர். பின்னர்ச் சீனாவின் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர்.

நெரிசலைவிட்டு விலகிப் பௌன் தெருவுக்கு நடந்தால் பழமையான மரவீடு ஒன்றைக் காணலாம். இதன் மிகப் பழைய பகுதி ஏறத்தாழ 1661இல் கட்டப்பட்டது. இவ்வீட்டின் கதையைத் தெரிந்துகொள்ள, டச்சுக்காரர் ஆட்சிக்குச் செல்ல வேண்டும்.

1645இல் டச்சு ஆளுநர் ஃபிளஷிங் ஊருக்கு வழங்கிய பட்டயம், மனச்சான்றின்படி வழிபடும் உரிமையை உறுதி செய்தது. ஆயினும் பின்வந்த ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவினரை ஒடுக்கினார். அவர்களுக்கு இடமளிப்போரும் தண்டிக்கப்பட்டனர். இதனை எதிர்த்து 1657 டிசம்பர் 27ஆம் நாள், அவ்வூரார் 30 பேர் ஒரு மனுவில் கையொப்பமிட்டு ஆளுநருக்கு அனுப்பினர். அவர்கள் குவேக்கர்கள் அல்லர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. தமக்காக அன்றி அயலாருக்காகப் பேசினர். யூதருக்கும் துருக்கியருக்கும்கூட அன்பு காட்ட வேண்டுமென்று அம்மனு வாதிட்டது.

பலன் உடனே கிட்டவில்லை. மனுவை எழுதிய ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறைப்பட்டார். அதனைக் கொண்டு சென்ற டோபயஸ் ஃபீக் பதவியிழந்தார். 1662இல் ஜான் பௌன் என்பவர் தம் வீட்டில் குவேக்கர் வழிபாட்டுக்கு இடமளித்தமைக்காகக் கைதாகி, ஹாலந்துக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு அவர் வணிகக் குழுமத்தாரிடம் முறையிட்டார். 1663இல் அக்குழுமமே, மக்களின் மனச்சான்றில் தலையிட வேண்டாமென ஆளுநருக்கு எழுதியது. பௌன் ஊர் திரும்பினார். மேற்கண்ட மரவீடு அவருடையதே. அருகிலேயே 1694இல் எழுந்த குவேக்கர் கூட்டமனை இன்றும் வழிபாட்டில் உள்ளது.

அதே தெருவில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 20 நிமிடம் நடந்தால் ஒரு கோபுரம் தென்படுகிறது. ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம்! தமிழ்நாட்டில் பிறந்து ஐ.நா.வில் பணியாற்றிய திரு. அழகப்பா அழகப்பன் முதலானோர், 1970இல் ஒரு வீட்டின் வரவேற்பறையில் தொடங்கிய சங்கமே இதற்கு வித்து. முன்பு ரஷ்ய வைதிகத் திருச்சபைக்கு உரியதாக இருந்த இடத்தை வாங்கி, ஆலயம் எழுப்பி, 1977 ஜூலை 4ஆம் நாள் குடமுழுக்குச் செய்தனர். ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இட்டிலியும் தோசையும் கிடைக்கின்றன. 2022இல் பௌன் தெருவின் ஒரு பகுதிக்குக் கணேசர் ஆலயத் தெரு என்ற துணைப்பெயரும் சூட்டப்பட்டது.

1657, 1917, 1965. இம்மூன்று ஆண்டுகளும் இல்லையேல் அந்தக் கோபுரம் அவ்விடத்தில் இல்லை. ஒன்று வழிபாட்டு உரிமைக்கு எழுந்த குரல். ஒன்று ஏழையும் ஏறக்கூடிய ரயில். ஒன்று நாட்டின் கதவைத் திறந்த சட்டம். நம் வினாவுக்கு விடை இதுவே: பன்மை தானாக விளையவில்லை, மனிதர்கள் முடிவெடுத்தார்கள், சிலர் அதற்காகத் துன்பமும் ஏற்றார்கள்.

நமக்குள்ள பாடம்

இதனை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிடலாகாது. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோவிட் பெருந்தொற்று நியூயார்க்கைத் தாக்கியபோது, மிகக் கடுமையாக அடிபட்டவை இத்தடத்தை ஒட்டிய கொரோனா, எல்ம்ஹர்ஸ்ட் பகுதிகளே. வீட்டிலிருந்து வேலை செய்ய இயலாதவர்களும், சிறு வீட்டில் பலராக வாழ்ந்தவர்களும் அங்கே மிகுதி.

மொழியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நியூயார்க்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 700க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுவதாக, அழிவுறும் மொழிகளை ஆவணப்படுத்தும் ஓர் அமைப்பு பதிவு செய்துள்ளது. கேட்கப் பெருமிதமாக இருக்கிறது. ஆயினும் பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டுமொழி ஆங்கிலத்துக்கு இடம்விடுவது அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணும் போக்கு. ஒரு காலத்தில் கொரோனாவின் தெருக்களில் ஒலித்த இத்தாலிய மொழி இன்று அருகிவிட்டது. புதியவர்கள் வருவதால் தெருவில் மொழிகள் பெருகுகின்றன. வந்த மொழி வீட்டில் நிலைப்பது வேறு செய்தி. அதற்குப் பள்ளியும் ஆலயமும் நூலகமும் பெற்றோரின் நாவும் வேண்டும். அரசின் பள்ளி அமைப்பிலேயே தமிழைக் கற்கும் வாய்ப்புப் பெற்ற நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. விடுமுறையில் மாணவர்களுக்கு ஒரு ரயில் தடத்தைப் பாடமாகக் கொடுங்கள். கோலாலம்பூர்ப் பிள்ளைகளாயின் பிரிக்ஃபீல்ட்ஸ் போதும்; ரயில்வேப் பணியாளர் குடியிருப்புகளால் வளர்ந்த ஊர் அது. ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று வினாக்களை எழுதிவரச் சொல்லுங்கள்: இங்கு முதலில் வந்தவர் யார்? அவர் வருவதற்கு வழி திறந்தது எது? அவர் விட்டுச்சென்றவற்றுள் இன்றும் நிற்பது எது? பெற்றோர்களும் உடன் நடந்து வாருங்கள். மூன்றாம் வினாவுக்கு விடை சொல்லப் பெரும்பாலும் வீட்டிலுள்ள தாத்தா பாட்டிதான் தேவைப்படுவார்கள்.