ஆம்பர் புதைபடிவங்கள்: சேகரிப்பின் வரலாறு

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் இறுகிக் கல்லானதே ஆம்பர். வெட்டியெடுக்கும்போது மங்கலான கூழாங்கல்லாகத்தான் தெரியும். மெருகேற்றி விளக்கொளியில் பிடித்தால், உள்ளே சிக்கிய எறும்பின் உணர்கொம்புகூடக் கண்ணில் படும்.

இயற்கைப் பொருள்களைச் சேகரித்த அருங்காட்சியகங்களில் ஒன்றான திருவனந்தபுரம் அருங்காட்சியகம் 1857இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கனிமங்களைச் சேகரித்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜெனரல் கல்லன் அதன் தொடக்கத்துக்கு உழைத்தார். அந்தக் காலத்தில் இயற்கைப் பொருள்கள் பெரும்பாலும் இப்படித் தனிமனிதர்களின் ஆர்வத்தால்தான் அருங்காட்சியகங்களை அடைந்தன. பர்மாவின் (இன்றைய மியான்மர்) ஹூகாங் பள்ளத்தாக்கு ஆம்பரும் அதே வழியில்தான் போனது. பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக பர்மா இருந்தபோது சேகரிப்பாளர் ஸ்வின்ஹோ அனுப்பிய துண்டுகளிலிருந்த பூச்சிகளை, பூச்சியியலாளர் காக்கரெல் 1916 முதல் விவரித்தார்.

அருங்காட்சியகங்களின் கேள்விகளை மாற்றியது பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்துக்கு எதிரான 1970இன் யுனெஸ்கோ உடன்படிக்கை. தொல்லுயிரியல் மதிப்புள்ள பொருள்களும் அதில் அடங்கும். இந்தியா 1977இல் இணைந்தது. எங்கே, எப்போது, யார் தோண்டியது, எந்த அனுமதியுடன் நாட்டை விட்டு வந்தது என்பதற்குத் தாள் வேண்டும்.

மியான்மரில் அந்தத் தாள்தான் சிக்கல். புதைபடிவ ஏற்றுமதிக்குத் தடை உண்டு, ஆனால் நகைக்கல்லாக ஆம்பரை அனுப்பலாம். புதைபடிவம் உள்ள துண்டே, நகை என்ற பெயரில், சீனாவின் டெங்சோங் சந்தையை எட்டியது. 2017இல் ஹூகாங் பள்ளத்தாக்கு உள்ள காச்சின் மாநிலத்தின் ஆம்பர் சுரங்கப் பகுதியை ராணுவம் கைப்பற்றியதும் கேள்வி இன்னும் கூர்மையானது. அதன் பின் வாங்கிய மியான்மர் ஆம்பர் மீதான ஆய்வுகளை வெளியிட வேண்டாம் என்று முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் 2020 ஏப்ரலில் ஆய்விதழ்களைக் கேட்டது. ஆய்வாளர்களின் ஆர்வம் விலையை ஏற்றும், விலை மோதலுக்கு எரிபொருளாகும் என்ற இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது.

குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வேறு வழியைக் காட்டியது. அங்கு சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான, 150 கிலோ அளவிலான ஆம்பரை இந்திய, ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சந்தையில் வாங்காமல் சுரங்கத்திலேயே திரட்டினர். 700க்கு மேற்பட்ட கணுக்காலிகள் கிடைத்தன. 2010இல் முடிவு வெளியானது. லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனமும் இதில் பங்கேற்றது. அந்தப் பிசின் தந்த மரங்கள், கேரள மலைகளில் இன்றும் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், போலியையும் பிரித்தறிய வேண்டும். உப்பு நிறைந்த நீரில் ஆம்பர் மிதக்கும், கண்ணாடி மூழ்கும். ஆனால் இந்தச் சோதனை சுரங்கத்தின் பெயரைச் சொல்லாது.

புவியியல் மரபுத் தலங்களுக்கும், புதைபடிவங்கள் உள்ளிட்ட புவியியல் எச்சங்களுக்குமான மசோதா வரைவை இந்திய அரசு 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. இத்தகைய புவியியல் தலங்களுக்கு எடுத்துக்காட்டு, திருவனந்தபுரம் மாவட்டத்தின் வர்க்கலைப் பாறைமுகடு; அது இந்தியப் புவியியல் ஆய்வகம் அறிவித்த தேசிய புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று.