இல்லாத கம்ப்யூட்டர்

ஸ்விட்சர்லாந்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கைக்கடிகாரம். சாக்லேட். கணக்கில் காட்டாத பணம். பட்டியலில் ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எடை கிடையாது. கரண்ட் வேண்டாம். காரணம், அப்படியொரு கம்ப்யூட்டரே கிடையாது!

நிக்லாஸ் விர்த், ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அன்றைக்கு இருந்த ப்ரொக்ராம் மொழிகள் எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை. தானே ஒன்றை உருவாக்கினார். பாஸ்கல்.

மொழியைக் காகிதத்தில் எழுதிவிடலாம். கம்ப்யூட்டருக்குப் புரியவேண்டுமே? அதற்குத் தெரிந்ததெல்லாம் பூஜ்ஜியமும் ஒன்றும்தான். நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுதான் கம்பைலர். 1969ல் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு கம்பைலர் எழுதிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு, பாஸ்கல் கம்பைலரை பாஸ்கலிலேயே எழுதினார்கள்.

அதெப்படி ஓடும்? கோழியா, முட்டையா கதைதான். குழுவில் ஒருவரை இரண்டு வாரம் வீட்டோடு உட்காரவைத்து, மொத்தத்தையும் மெஷினுக்கு நெருக்கமான ஒரு மொழியில் கையாலேயே மாற்றி எழுதச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை. அப்புறம் கம்பைலர் தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டது. 1970ல் பாஸ்கல் ஓடிவிட்டது.

ஓடியது, ஜூரிச்சில் இருந்த கண்ட்ரோல் டேட்டா கம்ப்யூட்டரில். மற்ற கம்பெனிகளின் மெஷின்கள் ஆளுக்கொரு பாஷை பேசின. எங்களுக்கும் பாஸ்கல் வேண்டும் என்று பல ஊர்ப் பல்கலைக்கழகங்கள் கேட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கம்பைலர் எழுத ஆளுக்கு எங்கே போவது?

யோசித்துப் பாருங்கள். ஒரு தமிழ் நாவலை அஸ்ஸாமியில் கொண்டுவர, இரண்டும் தெரிந்தவரைத் தேடினால் லேசில் கிடைக்கமாட்டார். ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால், மிச்சத்தை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். விர்த்தின் குழு செய்தது அதைத்தான். மிக எளிமையான ஒரு மெஷினைக் கற்பனை செய்தார்கள். கம்பைலர் அதன் பாஷைக்கு மாற்றித்தரும். வாங்கிக்கொள்பவர்கள், அந்தக் கற்பனை மெஷினைப் போல நடிக்கும் சின்ன ப்ரொக்ராம் ஒன்றைத் தங்கள் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டால் போதும்.

அந்தப் பாஷைக்கு பி-கோட் என்று பெயர். இதை வடிவமைத்தவர்களில் கேசவ் நோரி என்கிற இந்தியரும் உண்டு. யோசனை புத்தம் புதிது என்று சொல்லமுடியாது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960களிலேயே இதே வழியில் போயிருந்தார். ஆனால், ஊரெங்கும் பரவியது பி-கோட்தான்.

கலிஃபோர்னியாவில், சான் டியாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் பௌல்ஸ், மாணவர்களை வைத்துக்கொண்டு அதைச் சின்ன கம்ப்யூட்டர்களில் ஓடவைத்தார். 1979ல் ஆப்பிள் எடுத்துக்கொண்டது. 1981ல் ஐபிஎம் பி.சி. வந்தபோது, அதற்கான மூன்று ஆபரேட்டிங் சிஸ்டங்களில் பி-சிஸ்டமும் ஒன்று.

தோற்றுப்போனது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நடப்பதால் வேகம் கம்மி. விலையோ அதிகம். மலிவான டாஸ் ஜெயித்தது. கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. மாணவராக இருந்தபோது, பி-கோட் வகைப் ப்ரொக்ராம்களை வேக்ஸ் என்ற கம்ப்யூட்டருக்கு மாற்றித்தரும் வேலை ஜேம்ஸ் காஸ்லிங் தலையில் விழுந்திருந்தது. 1991ல் சன் கம்பெனியில், வீட்டு உபயோக மின்னணுச் சாதனங்களுக்காக ஒரு மொழி தேவைப்பட்டது. சாதனத்துக்கு ஒரு சிப். ஜூரிச்சில் வந்த அதே தலைவலி! பழைய வேலை அவருக்கு ஞாபகம் வந்தது. கற்பனை மெஷின் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. 1995ல் வெளியான அந்த மொழி, ஜாவா.

விர்த், 2024 ஜனவரி முதல் தேதி காலமானார். அவரது பாஸ்கல் முதலில் ஓடிய ரகக் கம்ப்யூட்டரைப் பார்க்கவேண்டுமானால் மியூசியத்துக்குப் போகவேண்டும். உங்களிடம் ஆண்ட்ராய்ட் போன் இருந்தால், அந்த இல்லாத கம்ப்யூட்டரின் வாரிசு உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது.