தண்ணீர்மேல் ஏற்றிய பழி

பெங்களூரில் அலசூரை அடுத்து ஜோகுபாளையம் என்றோர் இடம் உண்டு. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைவீட்டை அலசூருக்கு அருகே அமைத்தபோது, சிப்பாய்களோடு கொத்தரும் தச்சரும் சலவைத் தொழிலாளரும் வணிகரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறினர். 'தண்டு' என்று மக்கள் வழங்கிய அப்பகுதியில் அன்று தொடங்கிய தமிழ்க் குடியிருப்பு இன்றும் தொடர்கிறது. ஏரிக் கரைப் பக்கம் 1950-இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 2009-இல் திறந்துவைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் நிற்கிறது. ஆயினும் நாம் இங்கே சொல்ல எடுத்துக்கொண்டது சங்கத்தின் வரலாறும் அன்று, சிலையின் வரலாறும் அன்று. வீட்டின் பின்கட்டில், சீப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் வரலாறு.

திருப்பத்தூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ மணமாகி இந்தத் தெருக்களுக்கு வந்த பெண், ஓராண்டு கழிந்து தாய்வீட்டுக்குச் செல்கிறாள். தலைவாரி விடும் அன்னை, "பின்னல் இப்படி எலிவால் போல் ஆகிவிட்டதே!" என்று திடுக்கிடுகிறாள். மகள் கூறும் மறுமொழி ஒன்றுதான்: "அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா." மும்பையிலும் தில்லியிலும் ஐதராபாத்திலும் வாழும் நேயர்களுக்கும் இம்மறுமொழி புதிதன்று. புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் மருத்துவ முடிவு இது.

பெங்களூர்த் தண்ணீரின் கதையைச் சற்றே பார்ப்போம். முதலில் ஏரிகளும் கிணறுகளுமே இவ்வூருக்கு நீர் தந்தன. 1896-இல் எசருகட்டா ஏரியிலிருந்து குழாய்வழியே நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் ஏற்பட்டது. 1974-இல் காவிரியே மேட்டுநிலம் ஏறி நகருக்குள் வந்துவிட்டது. தஞ்சைப் பெண்ணின் கூந்தலை வளர்த்ததாகப் புகழப்படும் அதே காவிரி! ஆயினும், பழி மட்டும் குழாயை விட்டு இறங்கவில்லை. காவிரி எட்டாத வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பழியைச் சுமக்கிறது.

அந்நீர் கடினமானது என்பது மெய்யே. அதில் கரைந்துள்ள சுண்ண, மக்னீசிய உப்புக்கள் சவர்க்காரத்தோடு கூடித் திரிந்து முடியில் படிகின்றன. முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழுகிறது. ஆனால் அதன் வலிமை குன்றுகிறதா என்பதில் ஆய்வாளர் ஒருமித்திலர். 2013-இல் கோயம்புத்தூர் மருத்துவர் சிலர் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் நனைத்த முடிக்கும் தூய நீரில் நனைத்த முடிக்கும் வலிமையில் வேறுபாடு காணப்படவில்லை; பின்னர் வந்த வேறோர் ஆய்வு வலிமை குறைவதாகக் கண்டது. இரண்டும் ஆராய்ந்தது முடியின் தண்டை, வேரை அன்று. முடி இடையில் ஒடிவது ஒன்று, வேரோடு கழன்று விழுவது வேறொன்று. சீப்பில் வந்த முடியின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலைபோல் சிறு வெண்முனை இருந்தால் அது வேரிலிருந்து கழன்றது. அதற்குத் தண்ணீரைக் கேட்டுப் பயனில்லை. உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

உடம்பைக் கேட்கலாம் என்பதை மருத்துவ உலகம் மெல்ல மெல்லவே கற்றது. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் நுழைந்த இன்ஃப்ளூயன்சா என்னும் விஷக் காய்ச்சல், இந்திய நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பெங்களூரையும் அது விட்டுவைக்கவில்லை. உலகெங்கும், பிழைத்தெழுந்தவர் பலருக்குச் சில மாதங்களுக்குப் பின் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. டைபாய்டு கண்டவர்க்கும் அவ்வாறே நேர்வதை முன்னமே அறிந்திருந்தனர். ஆனால் காய்ச்சலின்போது உதிராத முடி, உடம்பு தேறி வீட்டு வேலை பார்க்கத் தொடங்கியபின் ஏன் உதிர வேண்டும்?

இதற்குத் தெளிவான விடை சொன்னவர் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்க மருத்துவர், ஆண்டு 1961. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டு, சில ஆண்டுகள் வளர்கிறது. பின்னர் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுக்கிறது. ஓய்வு முடிந்ததும் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியதை முளைக்கவிடுகிறது. எப்போதும் பத்தில் ஒன்பது பங்கு வளர்ச்சியிலேயே இருப்பதால், நாள் ஒன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. கடுங் காய்ச்சலோ, அறுவை மருத்துவமோ, பட்டினியோ, பெருந் துயரமோ தாக்கும்போது மிகுதியான கால்கள் ஒருங்கே ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. மூன்று திங்கள் கழித்து அவை ஒருங்கே முடியை உதிர்க்கின்றன. நோய் மறந்துபோன நாளில் முடி போகிறது. அந்நேரம் கண்முன் நிற்பது ஊரும் ஊர்த் தண்ணீருமே. பழி அவற்றின்மேல் விழுகிறது. கொரோனா நோய் 2020-இலும் 2021-இலும் பரவியபோது இதே கதை மீண்டும் நடந்தது.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் நிகழ்வதும் இதுவே. சூல் கொண்ட காலத்தில் ஹார்மோன்களின் பெருக்கால் முடி உதிராமல் நின்று அடர்கிறது. பேற்றுக்குப் பின் நின்றதெல்லாம் சேர்ந்து போகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வர். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது எப்போது? இரண்டு, மூன்று மாதங்களில். கிளிக்மன் நுண்ணோக்காடியில் கண்ட கணக்கைப் பாட்டிமார் தொட்டிலருகே கண்டிருக்கின்றனர். காரணம் பிழை, காலம் மிகச் சரி. இவ்வகை உதிர்வுக்கு எண்ணெயும் வேண்டா, மருந்தும் வேண்டா. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முடி தானே திரும்பும். தலைப்பிள்ளை பெற்றவளுக்கு இதனை முன்கூட்டியே சொல்லி வைப்பார் இருந்தால் எத்தனையோ கண்ணீர் மிஞ்சும்.

எல்லா உதிர்வும் இப்படித் தானே அடங்குவதன்று. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்திக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழி ஏற்றினார். முகம் உப்பி, பேச்சு தடித்து, தோல் வறண்டு, முடி உதிர்ந்து, உடம்பெல்லாம் குளிர்ந்து மந்தமாகிவிடும் நோய் அது. பெண்களையே மிகுதியாகப் பற்றுவது. கையற்ற நோய் என்று மருத்துவர் விட்டுவிட்ட நாள். சுரப்பி சுருங்கியதே காரணமாயின் அதன் சாற்றைத் தந்தால் என்ன என்று மரே எண்ணினார். அப்பெண் தேறினாள், தேறியதோடு, அச்சாற்றை உட்கொண்டே இருபத்தெட்டு ஆண்டு வாழ்ந்து 1919-இல் தம் எழுபத்துநான்காம் வயதில் இறந்தாள். 1914-இல் எட்வர்டு கெண்டல் அச்சுரப்பின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்று ஒரு சிறு மாத்திரையாகக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்குகிறார்களே, அதன் முன்னோர் அந்தச் செம்மறியாடு. சோர்வும் எடைப்பெருக்கமும் மாதவிலக்கில் ஒழுங்கின்மையும் முடியுதிர்வோடு சேர்ந்து வருமாயின், தைராய்டுக்கான இரத்தச் சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

இரத்தசோகையின் கதை நமக்கு இன்னும் அண்மையது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில அம்மையார் 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் வெளிறி மாள்வதன் காரணத்தை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் தங்கிப் பணி செய்தார். கிருமியைத் தேடியவர் கண்டது உணவுக் குறையை. மார்மைட் என்னும் ஈஸ்டுச் சாற்றால் அப்பெண்கள் தேறினர் என்று 1931-இல் அவர் வெளியிட்ட முடிவே, பின்னாளில் ஃபோலிக் அமிலத்தைக் கண்டறிய வழிகாட்டியது. இரும்புச் சத்தின் குறைவோ இதனினும் பரவலானது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். இரும்புக் குறைவு முடியுதிர்வுக்கு எவ்வளவு காரணம் என்பதில் மருத்துவரிடையே வழக்கு உண்டு. இரத்தத்தில் குறைவு தெரிந்தால் அதனை நிறைக்க வேண்டும் என்பதில் வழக்கில்லை. வீட்டில் கடைசியாக உண்ணும் பெண்ணின் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதும் இங்கே கேட்கத்தக்க கேள்விதான்.

தலையில் காசளவு வட்டமாக முடி போவதைப் 'புழுவெட்டு' என்கிறோம். புழு எதுவும் இல்லை. உடம்பின் காவற்படையே மயிர்க்காலைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. சின்ன வெங்காயத்தைத் தேய்க்கும் வழக்கத்தை நாம் நகைக்க வேண்டா. 2002-இல் பாக்தாத் மருத்துவர் நடத்திய சிறியதோர் ஆய்வில் வெங்காயச் சாறு பலருக்குப் பயன்பட்டது. ஆனால் பலருக்கு அது தானே ஆறுவதும் உண்டு. ஆறாவிடத்து ஊசிமருந்து உண்டு. கடுமையான நிலைக்கு 2022-இல் பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது.

இறுக்கிப் பின்னிக் கனத்த சரம் சூடுவதாலும் நெற்றியோரத்து முடி பின்வாங்கும். கிரீன்லாந்துப் பெண்களின் இறுகிய கொண்டையால் இது நேர்வதை 1907-இலேயே எழுதினர். பின்னலைத் தளர்த்துவதே மருந்து. காலம் கடந்தால் வேர் அழிந்துவிடும்.

நடுவகிடு ஆண்டுக்காண்டு அகன்று, முன்நெற்றி முடி மட்டும் நிலைத்திருப்பது பெண்களின் பரம்பரை முடியிழப்பு. 1977-இல் எரிக் லுட்விக் அதனை மூன்று படிகளாக வகுத்தார். இதற்கான மருந்து கிடைத்தது தற்செயலே. இரத்த அழுத்தத்துக்கென 1979-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மினாக்ஸிடில் மாத்திரையை உண்டவர்க்கு, வேண்டாத இடங்களிலெல்லாம் முடி முளைத்தது. அதையே தலையில் தடவும் நீராக்கினர். ஆண்களுக்கு 1988-இலும் பெண்களுக்கு 1991-இலும் ஒப்புதல் கிடைத்தது. முதற் சில வாரம் உதிர்வு கூடும்; பயன் தெரிய நான்கு மாதமாவது ஆகும்; நிறுத்தினால் பெற்றது போய்விடும். கருவுற்றவர் அதனைத் தொடலாகாது. விளம்பர எண்ணெய்கள் இந்த உண்மைகளில் ஒன்றையேனும் தம் புட்டியில் அச்சிட்டதாக நாம் கண்டதில்லை.

ஆடவன் வழுக்கையை நகைச்சுவையாக ஏற்கும் நம் சமுதாயம், பெண்ணின் முடிக்கு வேறு கணக்கு வைத்தது. கைம்பெண்ணின் தலையை மழித்து அவள் வாழ்வு முடிந்ததென அறிவித்த வழக்கம் சில குலங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. ஆகவே முடி மெலியும் பெண் அதனை நோயாகக் கருதாமல் மானக்கேடாகக் கருதி, முந்தானைக்குள் மறைத்து, மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுகிறாள்.

ஜோகுபாளையத்திலிருந்து சிறிது தொலைவில், தண்டின் பழைய பௌரிங் மருத்துவமனை உள்ளது. 1868-இல் தோன்றிய அது, இன்று லேடி கர்சன் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. அத்தகைய அரசு மருத்துவமனை எவ்வூரிலும் உண்டு. அங்கே தோல்நோய்ப் பிரிவுக்குச் சென்றால், எந்த ஊர்த் தண்ணீர் என்பதன்று மருத்துவர் முதலில் கேட்பது. மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சல் கண்டதா, பிள்ளை பெற்று எத்தனை நாள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பவையே.