கச்சா எண்ணெய்: வேதிக்கூறுகள் அறியப்பட்ட வரலாறு

கச்சா எண்ணெய் ஒரே சேர்மம் அன்று. நிலத்தடிப் பாறைத் துளைகளில் தேங்கிய பல்லாயிரம் சேர்மங்களின் கலவை. எடையில் 83 முதல் 87 விழுக்காடு கார்பன். 10 முதல் 14 விழுக்காடு ஹைட்ரஜன். மீதி கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன், சிறிதளவு உலோகங்கள். எந்த நாட்டு எண்ணெயிலும் இந்தத் தனிமக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஆயினும் ஒரு கிணற்று எண்ணெய் பொன்னிறத்தில் நீராய் ஓடுகிறது, இன்னொன்று கருந்தாராய் நகர மறுக்கிறது. அணுக்கள் எவ்விதம் கோக்கப்பட்டுள்ளன என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். அதைக் கண்டறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெரும்பாலும் வணிகத் தேவையே வேதியியலாளர்களை முன்னே தள்ளியது.

முதல் பெரிய உந்துதல் விளக்குக்கான எண்ணெய்த் தேவை. பென்சில்வேனியாவின் வெனாங்கோ மாவட்டத்தில் ஓடைகளில் மிதந்த எண்ணெயைச் சோதிக்கும் பணி யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமன் இளையவரிடம் வந்தது. சூடேற்றியபோது அது நீரைப் போல ஒரே வெப்பநிலையில் கொதிக்கவில்லை. கொதிநிலை ஏறிக்கொண்டே போனது. வெவ்வேறு வெப்பநிலைகளில் வடிந்தவற்றைத் தனித்தனியே பிடித்து, சரக்கில் பாதியையாவது விளக்கெரிக்கும் எண்ணெயாக்கலாம் என்று 1855இல் அறிக்கை எழுதினார். கூலி கைக்கு வரும்வரை அறிக்கையைத் தர மறுத்தாராம். அந்த அறிக்கையை நம்பிப் பணம் போட்டவர்களின் முயற்சியே 1859இல் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணறு. அக்காலத்தில் வேண்டியது மண்ணெண்ணெய் மட்டுமே. எளிதில் தீப்பற்றும் பெட்ரோலைப் பல ஆலைகள் ஆற்றில் கொட்டின.

பென்சில்வேனிய எண்ணெயில் பாரஃபின்கள், அதாவது கார்பன் அணுக்கள் சங்கிலியாய் நீண்ட ஹைட்ரோகார்பன்கள், மிகுதி, கந்தகமோ சொற்பம். எல்லா எண்ணெயும் இப்படித்தான் என்ற எண்ணம் நீடிக்கவில்லை. காகசஸ் எண்ணெயை ஆய்ந்த ரஷ்ய வேதியியலாளர் விளாதிமிர் மார்க்கோவ்னிக்கோவ், கார்பன் அணுக்கள் வளையமாய்ப் பூட்டிக்கொண்ட நாப்தீன்களை 1883இல் விவரித்தார். பென்சீன் இனத்து அரோமாட்டிக்குகளையும் சேர்த்தால் மூன்று பெருங்குடும்பங்கள். பாரஃபின் மெழுகு கூடினால் எண்ணெய் சாதாரண வெப்பத்திலேயே உறைந்துவிடும்: ராஜஸ்தானின் மங்களா வயல் எண்ணெயை அனுப்பும் நெடுங்குழாயை வழிநெடுகச் சூடாக வைத்திருப்பது இதனால்தான்.

கந்தகம் வேறு வகைத் தொல்லை. ஒகையோவின் லைமா பகுதியில் 1885இல் கிடைத்த எண்ணெய் எரியும்போது நாறியது, விளக்குக் கண்ணாடியைக் கரியாக்கியது. ஸ்டாண்டர்ட் ஆயில் அதை வாங்கிக் குவித்தபின், வேதியியலாளர் ஹெர்மன் ஃபிராஷ் காப்பர் ஆக்சைடைக் கொண்டு கந்தகத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டார். இன்றும் கந்தகம் 0.5 விழுக்காட்டுக்குக் குறைந்த எண்ணெய்க்குச் சந்தையில் தனி மதிப்பு. இன்னொரு அளவுகோல் அடர்த்தி. அமெரிக்க பெட்ரோலியக் கழகம் 1921இல் ஏற்ற அளவீட்டில் நீர் 10 பாகை. எண் கூடக்கூட எண்ணெய் இலேசானது. வட கடலின் பிரென்ட் சுமார் 38 பாகை. வெனிசுவேலாவின் போஸ்கான் 10 பாகையை ஒட்டியது, கந்தகமும் 5 விழுக்காட்டைத் தாண்டும்.

உலோகங்கள் அளவில் அற்பம், கதையில் பெரிது. ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் டிரைப்ஸ் 1934இல் எண்ணெயில் வனேடியம் பிணைந்த பார்ஃபிரின்களைக் கண்டார். அவற்றின் வளைய அமைப்பு பச்சையத்தினுடையதை ஒத்தது. நீரும் உலோகக் கார்பைடுகளும் வினைபுரிந்து எண்ணெய் உண்டாயிற்று என்ற மெண்டலீவின் 1877ஆம் ஆண்டுக் கருத்தை, எண்ணெய் உயிர்களிலிருந்து வந்தது என்ற இந்தச் சான்று பெரிதும் தளர்த்தியது. கடும் வெப்பத்தில் பார்ஃபிரின் சிதைந்துவிடும் என்பதால், எண்ணெய் மிதமான சூட்டிலேயே உருவானது என்றும் டிரைப்ஸ் வாதிட்டார். ஆலைக்காரருக்கோ வனேடியம் வினையூக்கியைக் கெடுக்கும் நஞ்சு.

சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் பொறுமையான வேலை 1927இல் தொடங்கியது. ஓக்லஹோமாவின் போன்கா சிட்டி எண்ணெயை மட்டுமே எடுத்துக்கொண்டு, ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஹைட்ரோகார்பன்களைப் பிரித்தார்கள். பின்னர் வேதியியலாளர் ஆலன் மார்ஷலின் குழு காந்தப் புலத்தில் அயனிகளின் நிறையை மிக நுண்மையாக அளந்தபோது, ஒரே எண்ணெய் மாதிரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூற்று வாய்பாடுகள் தெரிந்தன.

பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1837இல் பெயரிட்ட அஸ்ஃபால்ட்டீன்கள் கலவையின் மிகக் கனமான பகுதி. அவற்றின் மூலக்கூற்று எடை லட்சக்கணக்கில் இருக்கும் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். இப்போது பொதுவாக ஏற்கப்படுவது 750 அளவே. ஒரு எண்ணெயில் அமைதியாய் மிதக்கும் இவை, பாரஃபின் மிகுந்த வேறு எண்ணெயோடு கலந்தால் படிவாய் இறங்கிக் குழாயை அடைக்கக்கூடும். ஆகவே இரு நாட்டுச் சரக்குகளை ஒரே தொட்டியில் சேர்க்குமுன் ஆலைகள் சிறு அளவில் கலந்து பார்க்கின்றன.