செல்போன்லயே எல்லாம் இருக்கு... பள்ளிக்கூட லைப்ரரி இனி எதற்கு?

"கூகுள்ல தேடினா வந்துடுது, அப்புறம் எதுக்கு லைப்ரரி?" பிள்ளைகள் இப்படிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே க்யூஆர் கோடு அச்சாகி வந்தது. ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம்.

அப்போ சிக்கல் எங்கே?

ஸ்கேன் செய்ய போன் வேணுமே! பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குக் கிளம்பிவிடும். பள்ளிக்குள் மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு பள்ளி லைப்ரரியில் ஒரு கம்ப்யூட்டரும் நெட் வசதியும் இருந்தால்தான் 'டிஜிட்டல்' என்ற சொல்லுக்கே அர்த்தம்.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் குஷிங் அகாடமி என்ற பள்ளி, 2009-ல் சுமார் 20,000 புத்தகங்களைக் கொண்ட தன் லைப்ரரியை டிஜிட்டல் மையமாக்க முடிவு செய்தது. அலமாரிகள் இருந்த இடத்துக்கு இ-ரீடர், பெரிய டிவி, காபி கடை எல்லாம் வந்தன. சுவீடன் இப்போது எதிர்த்திசையில் போகிறது. வகுப்பறைகளில் டேப்லெட்டைத் தாராளமாகப் புழங்கவிட்ட அந்த நாடு, 2023-ல் பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனா ஒதுக்கியது. பள்ளி லைப்ரரிகளில் அதற்கென ஆள் இருக்க வேண்டும் என்று சட்டத்தையும் மாற்றியது.

அந்த 'ஆள்' என்ன செய்வார்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. முன்பு லைப்ரேரியன் வேலை என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பது, தேதி முத்திரை குத்துவது. இப்போது தகவலுக்குப் பஞ்சமில்லை, எது சரி என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஏஐ சாட்பாட்டிடம் ஒரு தலைப்பைக் கொடுத்து புத்தகப் பட்டியல் கேட்டால், எழுதப்படாத புத்தகத்தைக்கூட ஆசிரியர் பெயரோடு சொல்லிவிடும். "இந்தப் பக்கத்தை யார் போட்டது, எப்போது போட்டது, வேறு எங்காவது இதே தகவல் இருக்கா?" என்று பார்க்கக் கற்றுத்தர ஒருவர் வேண்டும். நம்ம ஊர் அரசுப் பள்ளிகள் பலவற்றில் அதற்கெனத் தனி ஆள் கிடையாது. ஏதாவது ஒரு ஆசிரியர்தான் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார். அவர் வகுப்புக்குப் போய்விட்டால் பீரோவுக்குப் பூட்டு. புத்தகம் கிழிந்தால் யார் பொறுப்பு என்ற பயத்திலேயே திறக்காத பீரோக்களும் உண்டு!

பெற்றோர் கேட்கலாமா?

தாராளமாக. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணைப்படி ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்களும் அதில் இருக்க வேண்டும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு லைப்ரரி மானியமாக பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை ஒதுக்க வழி இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, என்ன புத்தகம் வாங்கினார்கள், லைப்ரரி பீரியடில் பிள்ளைகள் கையில் அது போகிறதா என்பதை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்திலேயே கேட்கலாம்.